உணவுச் சங்கிலி பாடத்துக்கு எது சரி: சார்ட்டா, வீடியோவா, காட்சியகமா, ஒரு கூடை மீனா?

நான்காம், ஐந்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறவர்களுக்கு வருடா வருடம் வருகிற கேள்வி இது. உணவுச் சங்கிலி, விலங்குகளை வகைப்படுத்துவது என்று இரண்டு பாடம் இருக்கிறது, கையில் கொஞ்சம் காசு இருக்கிறது, வெளியே கூட்டிப்போக ஒரே ஒரு நாள்தான் கிடைக்கும். அதை எதில் செலவு பண்ணுவது? எங்கள் பள்ளி, மண்டபம் என்ற ஊருக்கும் ராமநாதபுரத்துக்கும் நடுவில், கடலுக்கு நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் இருக்கிறது. பாதிப் பிள்ளைகள் கடலுக்குப் போகிற வீட்டுப் பிள்ளைகள். இத்தனை வருடத்தில் சார்ட், வீடியோ, மண்டபம் மீன் காட்சியகம், கண்மாயில் பறவை பார்ப்பது, கரை நடை, வகுப்பில் மீனை அறுத்துக் காட்டுவது என்று எல்லாவற்றையும் செய்து பார்த்துவிட்டேன். ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் மீனைத்தான் தேர்ந்தெடுப்பேன். ஏன் என்று சொல்கிறேன், மற்றவை எங்கே நன்றாக உதவும் என்பதையும் சொல்கிறேன்.

முதலில் சார்ட். புல், வெட்டுக்கிளி, தவளை, பாம்பு, கழுகு. சுவரில் மாட்டினால் வருடம் முழுக்க இருக்கும், செலவு இல்லை, பரீட்சைக்கும் அதுதான் வரும். குறை சொல்ல ஒன்றும் இல்லை என்றுதான் நானும் நினைத்தேன், பிள்ளைகளையே ஒரு சங்கிலி வரையச் சொல்லும் வரை. முப்பது பேரில் பாதிக்கு மேல் அம்புக்குறியைத் திருப்பிப் போட்டிருந்தார்கள், கழுகில் இருந்து பாம்புக்கு, பாம்பில் இருந்து தவளைக்கு. "ஏன்டா இப்படி?" என்று கேட்டால், "கழுகுதானே டீச்சர் பாம்பைப் பிடிக்குது, அம்பு அங்கிட்டு இருந்துதானே போகும்" என்கிறான் ஒருவன். அவன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அம்பு என்ற சொல்லைக் கேட்ட பிள்ளைக்கு எய்கிறவன் பக்கம் இருந்து குறி பக்கம் போவதுதான் அம்பு. நாம் அந்தக் குறியால் சொல்ல வருவது வேறு. சாப்பாடும் அதில் இருக்கிற ஆற்றலும் எந்தப் பக்கம் போகிறது என்பதைத்தான் அது காட்டுகிறது. புல் வெட்டுக்கிளிக்குள் போகிறது, வெட்டுக்கிளி தவளைக்குள் போகிறது. இந்த "உள்ளே போகிறது" என்பதைச் சார்ட்டால் காட்ட முடியாது, ஏனென்றால் அதில் எல்லா மிருகமும் தனித்தனியாக, முழுசாக, பக்கவாட்டில் நின்றுகொண்டிருக்கிறது.

வீடியோ அதைக் காட்டும். சிங்கம் மானைப் பிடிக்கிறது, திமிங்கிலம் வாயைத் திறந்து கூட்டத்தையே விழுங்குகிறது, பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறார்கள். ஆனால் அன்று சாயங்காலம் கேட்டால் நினைவில் இருப்பது துரத்தல் மட்டும்தான். புல் தின்கிற காட்சியை யாரும் நீளமாகப் படம் எடுப்பதில்லை, எடுத்தாலும் பிள்ளைகள் தள்ளிவிடச் சொல்கிறார்கள். சங்கிலிக்கு அடிப்படையே அந்தப் புல்தான். அதனால் வீடியோவை முதலில் வைக்காதீர்கள், பின்னால் பத்து நிமிஷம் போட்டால் போதும்.

இப்போது மீனுக்கு வருகிறேன். சந்தையில் எல்லா மீனும் வேண்டாம், நாலைந்து வகை போதும், ஆனால் எதை வாங்குகிறோம் என்பது முக்கியம். நான் வாங்குவது சாளை ஒரு கிலோ, ஓரா நாலைந்து, காரல் ஒரு கை, அப்புறம் நண்டு, இறால், கணவாய் ஒவ்வொன்று. வஞ்சிரம் முழுசாக வாங்கக் கட்டுப்படியாகாது, அதனால் மீன் வெட்டுகிற இடத்தில் முன்கூட்டியே சொல்லி வைத்து அதன் தலையையும் இரைப்பையையும் மட்டும் வாங்கிவிடுவேன். தூக்கி எறிவதைக் கேட்கிறோம், சும்மாவே தருவார்கள்.

வகுப்பில் கத்தியை நான் தொடுவதில்லை, பிள்ளைகளையும் தொடவிடுவதில்லை. ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவனின் அம்மா கரையில் மீன் ஆய்கிறவர், அவர் அரிவாள்மனையோடு வந்து வராந்தாவில் உட்கார்ந்தார். "என்ன டீச்சர், பாடம் நான் எடுக்கணுமா?" என்று கூச்சப்பட்டவர், ஓராவைக் கையில் எடுத்ததும் ஆளே மாறிவிட்டார். "இதத் தொடாதீக, முள்ளு குத்துனா ராத்திரி பூரா கடுக்கும்" என்று முதுகு முள்ளைக் காட்டிவிட்டு வயிற்றைக் கீறினார். உள்ளே இருந்து குடல் வந்துகொண்டே இருக்கிறது. சுருள் சுருளாக, நூல்கண்டு பிரிகிற மாதிரி. ஒரு பெண் அதை அடிஸ்கேலால் அளந்தாள், மீனின் நீளத்தைப் போல சில மடங்கு வந்தது. அதை நசுக்கினால் கரும்பச்சையாக, பாசி வாடையோடு குழம்பு வருகிறது. ஓரா பாசியும் கடல்புல்லும் மேய்கிற மீன். இலை தழை செரிக்க நேரம் ஆகும், அதனால் குடல் நீளம். பக்கத்தில் வஞ்சிரத்தின் இரைப்பையைக் கீறியதும் பாதி செரித்த சாளை ஒன்று, தலை கரைந்து, உடம்பும் வாலும் அப்படியே விழுந்தது. "டீச்சர், மீனுக்குள்ள மீனு!" என்று கத்தினான் பின்னால் நின்றவன். கடலோரப் பிள்ளைதான், இதை அவன் வீட்டிலும் பார்த்திருப்பான். வகுப்பில் இது ஒரு விஷயம் என்று யாரும் அவனிடம் சொன்னதில்லை, அவ்வளவுதான்.

அதன் பிறகு அம்புக்குறியைப் பற்றி நான் எதுவும் சொல்லத் தேவைப்படவில்லை. சாளை எதற்குள் இருந்தது? வஞ்சிரத்துக்குள். அப்ப எது எங்கே போயிருக்கு? சாளை வஞ்சிரத்துக்குள் போயிருக்கு. சரி, அப்படியே வரை. பலகையில் எல்லோரும் சரியான பக்கம் வரைந்தார்கள்.

அடுத்த கேள்வி அவர்களே கேட்டது: சாளைக்குள் எது போகும்? சாளை வயிற்றில் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. கடல் உணவுச் சங்கிலியில் பிள்ளைகள் தடுக்குகிற இடமே இதுதான். வயல் என்றால் புல் கண்முன் நிற்கிறது, கடலில் புல்லுக்குச் சமமான வேலையைச் செய்வது கண்ணுக்குத் தெரியாத தாவர மிதவை உயிரிகள். இங்கே ஒரு வழி இருக்கிறது. சாளையின் செவுள் மூடியைத் தூக்கிப் பாருங்கள். சிவப்பு இழைகளுக்கு உள்பக்கம் வெள்ளையாக, நெருக்கமாக, பேன் சீப்பு மாதிரி ஒரு வரிசை இருக்கும். வாய் வழியே போகிற தண்ணீர் செவுள் வழியே வெளியேறும்போது இந்தச் சீப்பில் மிதவை உயிரிகள் தங்கிவிடும். வஞ்சிரத்தின் தலையில் அதே இடத்தைப் பார்த்தால் சீப்பே இல்லாத மாதிரி, அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குட்டை முட்கள், ஆனால் வாய் நிறைய கத்தி மாதிரி பல். எந்த மீன் எதைச் சாப்பிடும் என்று வாயைப் பார்த்தே ஊகிக்கச் சொன்னேன். காரலின் உதட்டை மெல்ல முன்னால் இழுத்தால் அது குழாய் மாதிரி நீண்டு கீழ்ப்பக்கம் வளையும், அதை ஆளாளுக்கு இழுத்துப் பார்த்து அரை மணி நேரம் போய்விட்டது. போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

கண்ணுக்குத் தெரியாததை நம்புவதற்கு எங்கள் பிள்ளைகளுக்கு இன்னொரு சாட்சியும் உண்டு. பூங்கோரை. மன்னார் வளைகுடாவில் சில வருடம் கடல் பச்சையாகத் தடித்து, மீன் செத்து ஒதுங்கும். நாக்டிலூகா என்ற ஒற்றைச் செல் உயிரி கோடிக்கணக்கில் பெருகுவதால் வரும் வினை அது, தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்துபோகும். "தனித்தனியா பாத்தா தெரியாது, சேர்ந்தா கடலே நிறம் மாறும்" என்று சொன்னதும் புரிந்துகொண்டார்கள். சார்ட்டில் வட்டத்துக்குள் பெரிதாக வரைந்து காட்டும் மிதவை உயிரியைவிட இது மனதில் நிற்கிறது.

இன்னொரு விஷயம், நம் கரைக்குக் கிடைத்த வசதி. பாக் நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் கடல்புல் படுகை இருப்பதால் மேய்கிற சங்கிலியை வெறும் கண்ணாலேயே காட்டலாம். கடல்புல் வேறு, பாசி வேறு. கடல்புல்லுக்கு வேர் உண்டு, பூக்கும். பாசிக்கு அது இல்லை. மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப் பாசி என்று பெண்கள் கடலில் இறங்கிப் பாசி எடுக்கிற ஊர்களில் பிள்ளைகளுக்கு இந்த வித்தியாசம் நம்மைவிட நன்றாகத் தெரியும். கடல்புல்லில் இருந்து ஓராவுக்கு ஒரு கோடு, பேராமைக்கு ஒரு கோடு, ஆவுளியா என்கிற கடல் பசுவுக்கு ஒரு கோடு. ஆவுளியா ஒரு நாளைக்கு முப்பது நாற்பது கிலோ புல் மேயும். அதற்காகவே பாக் நீரிணையில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரைக் கடல் பசு பாதுகாப்பகமாக 2022-ல் அறிவித்தார்கள். ஒரே புல்லை மூன்று பேர் மேய்கிறார்கள் என்றதும் சங்கிலி தானாக வலையாகிவிடுகிறது, "உணவு வலை" என்ற சொல்லை அதன் பிறகு சொன்னால் போதும்.

சரி, இதெல்லாம் உணவுச் சங்கிலிக்கு. வகைப்படுத்தலுக்கு எது சரி?

இங்கே காட்சியகம் ஒரு படி மேலே நிற்கிறது, அதை மறைக்க முடியாது. மண்டபம் கேம்ப்பில் இருக்கிற மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1947-ல் தொடங்கியது, அதன் தலைமையிடம் முன்பு அங்கேதான் இருந்தது, கொச்சிக்குப் போனது பின்னால். அங்கே மீன் காட்சியகமும் பாடம் செய்து வைத்த உயிரினங்களும் உண்டு. ஒரே கூரைக்குக் கீழ் இத்தனை வகையைப் பார்ப்பது வகுப்பில் நடக்காத காரியம். ஆனால் தொட்டியில் இருக்கிற மீனுக்குத் தீனி போடுவது ஆள். எது எதைத் தின்னும் என்பது அங்கே தெரியாது. வகைப்படுத்தலுக்குப் போங்கள், உணவுச் சங்கிலிக்காகப் போகாதீர்கள். போகும் முன் பிள்ளைகள் கையில் நாலு கேள்வி இருக்கட்டும். முதல் தடவை எதுவும் சொல்லிக்கொடுக்காமல் கூட்டிப்போனேன், கண்ணாடியில் கையை வைத்துத் தட்டிவிட்டு ஓடினார்கள், அந்த வேன் வாடகையை நினைத்தால் இன்றைக்கும் மனசு கேட்கவில்லை.

அந்த நாலு கேள்வியைத் தயார் செய்ய மறுபடியும் மீன் கூடைதான் உதவியது. அறுத்து முடித்ததும் மிச்சத்தை வாழை இலையில் பரப்பி, "உங்க இஷ்டத்துக்குப் பிரிங்க" என்றேன். குழம்புக்கு, பொரிக்க என்று ஒரு குழு பிரித்தது. விலை கூடியது, குறைந்தது என்று இன்னொரு குழு. முள்ளு உள்ளது, முள்ளு இல்லாதது என்று ஒரு பெண் மட்டும் பிரித்தாள். முதுகெலும்புள்ளவை, முதுகெலும்பற்றவை என்று பாடப் புத்தகம் சொல்வதை அவள் சாப்பாட்டுத் தட்டில் இருந்து கண்டுபிடித்திருந்தாள். எந்தப் பிரிப்பும் தப்பில்லை, எதற்காகப் பிரிக்கிறோம் என்பதைப் பொறுத்தது. தொல்காப்பியத்தின் மரபியல் உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் பிரிக்கிறது, சங்கு இனமான நந்துக்கு இரண்டறிவு, நண்டுக்கு நான்கறிவு. அறிவியல் புத்தகம் உடம்பின் அமைப்பைப் பார்த்துப் பிரிக்கிறது. இதைப் பிள்ளைகளிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுவது நல்லது, இல்லையென்றால் மனப்பாடம்தான் மிஞ்சும்.

அப்புறம் பெயர்கள். நம் பெயர்கள் அழகு, ஆனால் வகைப்படுத்தலில் காலை வாரிவிடும். நட்சத்திர மீன் மீன் இல்லை. கடல் குதிரை மீன்தான். கடல் அட்டை அட்டை இனமே இல்லை, நட்சத்திர மீனுக்குச் சொந்தம், இரண்டும் முட்தோலிகள். ஓங்கில், அதாவது டால்பின், பார்க்க மீன், ஆனால் பாலூட்டி, மூச்சு விட மேலே வந்துதான் ஆக வேண்டும். கணவாய் ஓட்டைக் கையில் வைத்துக்கொண்டு "இதுக்கு எலும்பு இருக்கே" என்று சண்டைக்கு வந்தான் ஒருவன், அது எலும்பில்லை, உடம்புக்குள் போய்விட்ட ஓடு, கணவாய் சங்குக்கும் சிப்பிக்கும் உறவு. இதையெல்லாம் தாண்டி என்னை நிறுத்திய கேள்வி ஒன்று உண்டு. "திருக்கை குட்டி போடும் டீச்சர், எங்கப்பா காட்டிருக்காரு. அப்ப அது பாலூட்டியா?" உடனே இன்னொருத்தி, "பால்சுறாவுல பேர்லயே பால் இருக்கே!" பால்சுறாவைப் பிள்ளை பெற்ற தாய்க்குப் புட்டு செய்து கொடுப்பார்கள், பால் ஊறும் என்று. அந்தப் பெயரும் அப்படித்தான் பொருந்திப்போனது. இதற்கு ஒரே வழி, குட்டி போடுவதை அளவுகோலாக வைக்காமல் இரண்டு கேள்வி கேட்பது: குட்டிக்குத் தாய் பால் கொடுக்குமா? செவுளால் மூச்சு விடுமா, நுரையீரலாலா? திருக்கைக்குச் செவுள் பிளவு அடிப்பக்கம் வரிசையாக இருக்கும், சந்தையில் புரட்டிப் போட்டால் தெரியும். அது மீன்.

ஓங்கிலையும் திமிங்கிலத்தையும் மீன் என்று எழுதுகிற பிள்ளைக்கு மதிப்பெண் குறைக்கும்போது இதையும் சொல்லுங்கள்: உயிர்களுக்கு இரட்டைப் பெயர் முறையை நிலைநிறுத்திய லின்னேயஸே 1735-ல் திமிங்கிலத்தை மீனோடுதான் சேர்த்தார், 1758-ல்தான் பாலூட்டிகளுக்கு மாற்றினார். அறிவியல் பெயர் எதற்கு என்று கேட்டால் அதற்கும் பதில் சந்தையிலேயே இருக்கிறது. சீலா என்று தூத்துக்குடியில் கேட்டால் ஒரு மீன் தருவார்கள், சென்னையில் கேட்டால் வேறு மீன் தருவார்கள்.

கரை நடையைப் பற்றிக் கொஞ்சம். கலாம் அவர்கள் ராமேஸ்வரத்தில் ஐந்தாம் வகுப்பு படித்தபோது சிவசுப்பிரமணிய ஐயர் என்ற ஆசிரியர் பறவை எப்படிப் பறக்கிறது என்று பலகையில் வரைந்து சொல்லிவிட்டு, புரியவில்லை என்றதும் கடற்கரைக்கே கூட்டிப்போய்க் காட்டியதைப் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். முதலில் பலகை, பிறகு கரை. பறப்பதற்கு அந்த வரிசை சரி, ஏனென்றால் பறவை நம் கண்முன் பறக்கும். உணவுச் சங்கிலிக்கு வரிசையை மாற்றித்தான் ஆக வேண்டும் என்பது என் அனுபவம். கரையில் நின்று இரண்டு மணி நேரம் பார்த்தாலும் ஒன்று இன்னொன்றைத் தின்பது கண்ணில் படுவது அபூர்வம், செம்பருந்து பாய்ந்து மீனைத் தூக்கினால் அது அன்றைய அதிர்ஷ்டம். மீனை அறுத்துப் பார்த்த பிறகு கரைக்குப் போனால் பிள்ளைகள் தாங்களாகவே தேடுகிறார்கள், ஒதுங்கிக் கிடக்கிற கடல்புல்லைப் புரட்டுகிறார்கள், அதில் ஒட்டியிருக்கிற குட்டி நத்தையைக் காட்டுகிறார்கள். ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள். பவளம், கடல் குதிரை, கடல் அட்டை எல்லாம் 2001-ல் இருந்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கின்றன. செத்துக் கிடந்தாலும் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது. வளைகுடாவின் தீவுகள் 1986-ல் அறிவிக்கப்பட்ட கடல் தேசியப் பூங்காவில் சேர்ந்தவை, வனத்துறை அனுமதி இல்லாமல் அந்தப் பக்கம் திட்டம் போட வேண்டாம்.

மாதமும் பார்க்க வேண்டும். வாடைக் காலத்தில் வடகடல், அதாவது பாக் நீரிணைப் பக்கம், கொந்தளிக்கும், கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கிற மாதங்களில் தென்கடல், அதாவது மன்னார் வளைகுடாப் பக்கம், நிற்க விடாது. ஏப்ரல் 15-ல் இருந்து ஜூன் 14 வரை விசைப்படகுக்குத் தடைக்காலம், சந்தையில் வகை குறைந்துவிடும். பிப்ரவரிதான் தோது. இரண்டு கடலும் அமைதியாக இருக்கும், கண்மாய்களில் வந்த பறவைகளும் இன்னும் கிளம்பியிருக்காது.

கண்மாய் என்றதும் இன்னொன்று. நம் மாவட்டத்தில் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், தேர்த்தங்கல், சக்கரக்கோட்டை என்று பறவைச் சரணாலயங்கள் இருக்கின்றன. சக்கரக்கோட்டை ராமநாதபுரம் டவுனை ஒட்டியே இருக்கிறது, பஸ் செலவோடு முடியும். கடலை வைத்து மட்டுமே பாடம் எடுத்தால் ஒரு ஓட்டை விழும் என்பதை நான் தாமதமாகத்தான் கவனித்தேன். முதுகெலும்புள்ளவற்றில் ஐந்து வகுப்பு: மீன், இருவாழ்வி, ஊர்வன, பறவை, பாலூட்டி. மீனுக்கு வஞ்சிரம், ஊர்வனவுக்குப் பேராமை, பறவைக்குத் தனுஷ்கோடிப் பக்கம் வருகிற பூநாரை, பாலூட்டிக்கு ஆவுளியா. கடலோரத்தில் இருவாழ்விக்கு ஆள் இல்லை. தவளையின் தோல் உப்புத் தண்ணீரைத் தாங்காது. அதற்குக் கண்மாய்க்குத்தான் போக வேண்டும், அங்கே தவளையும் உண்டு, அதைத் தின்கிற பாம்பும் நாரையும் உண்டு. பழைய சார்ட்டில் இருக்கிற சங்கிலி அங்கேதான் உயிரோடு இருக்கிறது.

செலவை வைத்துப் பார்த்தால், மீன் கூடைக்கு ஆகிறது வேன் வாடகையில் சின்ன பங்குதான். காலையில் படகு வருகிற நாளைக் கேட்டு வைத்துக்கொண்டால் போதும். நாற்றம் அடிக்கும், வராந்தாவைக் கழுவ வேண்டும், மீன் சாப்பிடாத வீட்டுப் பிள்ளைகள் இருந்தால் கட்டாயப்படுத்தக் கூடாது, அவர்களைத் தள்ளி உட்கார வைத்து அளந்து எழுதுகிற வேலையைக் கொடுக்கலாம். கடலில் இருந்து ரொம்ப தூரத்தில், முதுகுளத்தூர், கமுதிப் பக்கம் இருக்கிற பள்ளி என்றால் நான் சொல்கிற வரிசையே மாறும், அங்கே கண்மாயை முதலில் வையுங்கள், கெளுத்தியும் விராலும் கிடைக்கிற மாதத்தில் அதையே அறுத்துப் பார்க்கலாம்.

இந்த வருடம் எங்கள் வகுப்புச் சுவரில் கடையில் வாங்கிய சார்ட் இல்லை, பிள்ளைகளே ஐந்து கட்டம் போட்டு வரைந்து ஒட்டியது இருக்கிறது. நாலு கட்டம் நிரம்பிவிட்டது, ஊர்வனக் கட்டத்தில் பேராமைக்குப் பக்கத்தில் யாரோ பல்லியையும் வரைந்திருக்கிறார்கள். இருவாழ்விக் கட்டத்தில் பார்க்காததை வரைய மாட்டோம் என்று வெறுமனே விட்டுவைத்திருக்கிறார்கள். ஐப்பசி மழை பெய்து கண்மாயில் தண்ணீர் ஏறட்டும், ஒரு சனிக்கிழமை கூட்டிப்போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.